சித்தாளுக்கு எவ்வளவு?

மயிலாப்பூரிலோ தி.நகரிலோ அடையாறிலோ எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஒரு பழைய வீடு இடிபட்டுக்கொண்டிருக்கும். இல்லாவிட்டால் இடித்த மனையில் நாலு மாடி எழும்பிக்கொண்டிருக்கும். பச்சை வலை கட்டியிருப்பார்கள். வாசலில் கொட்டிய எம்-சாண்டும் ஜல்லியும் பாதித் தெருவை அடைத்திருக்கும். வழக்கமாக அலுத்துக்கொண்டே சுற்றிப் போய்விடுவோம். இன்று எதிர்ப்பக்கத்து டீக்கடையில் ஒரு டீ சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்ப்போம். ஆணுக்கும் பெண்ணுக்கும் சம ஊதியம் என்று பேப்பரிலும் டிவியிலும் நடக்கிற விவாதம் எதைப் பற்றியது என்று புரிந்துகொள்ள, இந்த ஊரில் இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

சாரத்தின் மேல் கொத்தனார். கையில் கரண்டி, பக்கத்தில் மட்டப்பலகை, தூக்குக்குண்டு. கீழே இரண்டு ஆண்கள் மண்வெட்டியால் கலவை போடுகிறார்கள், மூட்டை இறக்குகிறார்கள். இவர்கள் பெரியாள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்து, பாண்டு நிறையக் கலவை சுமந்து படியேறுகிறவர்கள் சித்தாள். கொத்தனாரும் பெரியாளும் ஆண்கள். சித்தாள் பெண். சனிக்கிழமை சாயங்காலம் மேஸ்திரி கணக்கு முடிக்கும்போது மூன்று படிக்கும் மூன்று கூலி. வீடு கட்டிய யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆள் கூலி பேசும்போதே "கொத்தனாருக்கு இவ்வளவு, பெரியாளுக்கு இவ்வளவு, சித்தாளுக்கு இவ்வளவு" என்று மேஸ்திரி சொல்லியிருப்பார், நாமும் தலையாட்டியிருப்போம்.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். கூலி இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் மாறும். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நாமே எண்களை வைத்துக்கொள்வோம். கொத்தனாருக்கு 1,000 ரூபாய், பெரியாளுக்கு 800, சித்தாளுக்கு 600. மனையில் ஒவ்வொரு படியிலும் இரண்டிரண்டு பேர். நான்கு ஆண்களின் சராசரி 900. இரண்டு பெண்களின் சராசரி 600. ஆக, பெண்ணின் கூலி ஆணின் கூலியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு.

இந்த 'மூன்றில் ஒரு பங்கு' மாதிரியான எண்ணைத்தான் நாம் செய்திகளில் பார்க்கிறோம். பார்த்ததும் பெரும்பாலோர் மனத்தில் ஒரு படம் வரும்: ஒரே மேசையில் ஒரு ஆணும் பெண்ணும் உட்கார்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள், மாதக் கடைசியில் அவருக்கு 900, இவருக்கு 600. உடனே இன்னொருவர் சொல்வார்: "எங்கள் ஆபீசில் அப்படிக் கிடையாதே. கிளார்க் என்றால் கிளார்க் சம்பளம். டீச்சர் என்றால் டீச்சர் சம்பளம். இதெல்லாம் கட்டிவிட்ட கதை." இருவரும் மணிக்கணக்கில் வாதாடுவார்கள்.

அந்தப் படம்தான் எல்லோருக்கும் இருக்கிற தவறான புரிதல். எண்ணை நம்புகிறவரும் மறுக்கிறவரும் ஒரே படத்தையே மனத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த 600-க்கும் 900-க்கும் இடையிலுள்ள தூரம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்த இருவருக்கு இடையிலான தூரம் அல்ல. யார் எந்த நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டார்கள், அந்த நாற்காலிக்கு யார் என்ன விலை வைத்தார்கள் என்பதும் சேர்ந்த தூரம் அது.

மயிலாப்பூர் மாட வீதியில் இரண்டு பேர் ஒரே கடையில் காய் வாங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விலைப்பலகை ஒன்று, தராசு ஒன்று. ஒருவர் பில் 300 ரூபாய், மற்றவர் பில் 200. கடைக்காரர் ஏதோ செய்துவிட்டார் என்று தராசைச் சோதித்தால் தராசு சரியாகவே இருக்கும். ஒருவர் பையில் பீன்ஸும் முருங்கைக்காயும் இருக்கின்றன. மற்றவர் பையில் கீரையும் வாழைத்தண்டும். "தராசு சரியா?" என்பது ஒரு கேள்வி. "பையில் ஏன் இவை மட்டும் வந்தன?" என்பது வேறு கேள்வி. ஊதிய விவாதத்தில் ஒரு தரப்பு பில்லைக் காட்டிப் பேசுகிறது, மறு தரப்பு தராசைக் காட்டிப் பேசுகிறது. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

இதை அப்பட்டமாகக் காட்டுகிற இடம் சேப்பாக்கத்தில் இருக்கிறது. 2022 அக்டோபரில் இந்திய கிரிக்கெட் வாரியம் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே ஆட்டக் கட்டணம் என்று அறிவித்தது. ஒரு டெஸ்ட்டுக்கு 15 லட்சம், ஒரு நாள் ஆட்டத்துக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம். இது நல்ல முடிவு. பல நாடுகள் செய்யாதது. தராசு சரியாகிவிட்டது. ஆனால் 2024ஆம் ஆண்டு முழுவதிலும் இந்தியப் பெண்கள் அணி ஆடிய டெஸ்ட் ஒன்றே ஒன்று. ஜூன் மாதம், நம் சேப்பாக்கம் மைதானத்தில், தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக. ஷஃபாலி வர்மா இரட்டைச் சதம் அடித்தார், அணி 6 விக்கெட்டுக்கு 603 எடுத்து டிக்ளேர் செய்தது, பத்து விக்கெட் வித்தியாசத்தில் வென்றது. அதே ஆண்டில் ஆண்கள் அணி ஆடிய டெஸ்ட்டுகள் 15. ஒரு டெஸ்ட்டுக்கான கட்டணம் ஒன்றுதான். பதினைந்து மடங்கு வித்தியாசம் அட்டவணையில் இருக்கிறது. ஆண்டு ஒப்பந்தத் தொகை தனிக் கதை. அது இன்னும் சமமாகவில்லை.

மனைக்குத் திரும்புவோம். நம் கணக்கில் 300 ரூபாய் இடைவெளி இருந்தது. அதை இரண்டு துண்டாக வெட்டிப் பார்க்கலாம். சித்தாளுக்கும் பெரியாளுக்கும் ஒரே கூலி என்று வைத்தால் பெண்களின் சராசரி 800 ஆகும், ஆண்களுடையது 900-ஆகவே நிற்கும். ஆக 300-இல் 200 என்பது சித்தாளுக்கும் பெரியாளுக்கும் உள்ள வித்தியாசத்தால் வந்தது. மீதி 100 எங்கிருந்து வந்தது? பெண்களில் ஒருவர்கூடக் கொத்தனார் ஆகவில்லை என்பதிலிருந்து. இனி எந்த வாதத்தைக் கேட்டாலும், இது இருநூறு ரூபாயைப் பற்றிய வாதமா, நூறு ரூபாயைப் பற்றிய வாதமா என்று நாம் கேட்டுக்கொள்ளலாம். முதல் துண்டுக்குச் சட்டம் இருக்கிறது. இரண்டாவது துண்டுக்கு அருகில் சட்டம் போகிறது, உள்ளே எட்டவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்புச் சட்டத்தின் 39ஆவது பிரிவு, ஆண், பெண் இருவருக்கும் சம வேலைக்குச் சம ஊதியம் கிடைக்கும்படி அரசு கொள்கை வகுக்க வேண்டும் என்கிறது. அதை எழுதிய அவையில் சென்னை மாகாணத்திலிருந்து சென்ற பெண்களில் துர்காபாயும் அம்மு சுவாமிநாதனும் உண்டு. அடையாறு பாலத்துக்குப் போகிற சாலை துர்காபாய் தேஷ்முக் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் 39ஆவது பிரிவு அரசுக்கு வழிகாட்டுகிற நெறி. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சித்தாள் நேரே கோர்ட்டுக்குப் போக முடியாது. அதற்கு ஒரு தனிச் சட்டம் வர 25 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1975 செப்டம்பரில் அவசரச் சட்டமாக வந்து, 1976இல் சம ஊதியச் சட்டம் ஆனது. அரை நூற்றாண்டு அது இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்து, பழைய சட்டத்தைத் தனக்குள் எடுத்துக்கொண்டது.

இரண்டு சட்டங்களிலும் உயிர்நாடியான வாசகம் ஒன்றே: 'ஒரே வேலை அல்லது ஒத்த தன்மையுள்ள வேலை'. ஒத்த தன்மை என்றால் என்ன? திறமை, உழைப்பு, பொறுப்பு (புதிய தொகுப்பில் அனுபவமும்) ஒரே அளவில் தேவைப்பட வேண்டும். வேலைச் சூழலும் ஒத்திருக்க வேண்டும். இருக்கிற சில்லறை வித்தியாசங்கள் நடைமுறையில் பொருட்படுத்தத்தக்கவையாக இருக்கக் கூடாது. வேலையின் பெயர் என்ன என்று சட்டம் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு: சமன் செய்கிறேன் என்று சொல்லி, அதிகம் வாங்குகிறவரின் கூலியை முதலாளி குறைக்க முடியாது. சித்தாள் ஏற வேண்டுமே தவிர, பெரியாள் இறங்கக் கூடாது.

பெயர் போதாது என்பதைச் சுப்ரீம் கோர்ட் 1987இல் தீர்த்துச் சொன்னது. பம்பாயில் மெக்கின்னன் மெக்கன்சி என்ற கப்பல் கம்பெனி. அங்கே ஆட்ரி டி'கோஸ்டா ஸ்டெனோகிராபராக இருந்தார். பதவியின் பெயரே 'கான்ஃபிடென்ஷியல் லேடி ஸ்டெனோகிராபர்'. அதே வேலையைச் செய்த ஆண் ஸ்டெனோகிராபர்களுக்குச் சம்பளம் அதிகம். கேட்டால், பெண் ஸ்டெனோகிராபர்கள் தனிப் பிரிவு, பெரிய அதிகாரிகளோடு இணைந்தவர்கள், இந்தச் சம்பளம் யூனியனோடு பேசி முடித்த ஒப்பந்தப்படி தரப்படுகிறது என்று கம்பெனி சொன்னது. நீதிபதி வெங்கடராமையா எழுதிய தீர்ப்பு இவை எதையும் ஏற்கவில்லை. ரகசிய ஸ்டெனோகிராபராகப் பெண்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை; அந்த இடத்தில் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள் என்றால், நிர்வாகம் அவர்களை அங்கே வைத்திருப்பதால்தான் என்றது. யூனியன் கையெழுத்துப் போட்டாலும் சட்டத்துக்கு மாறான ஒப்பந்தம் செல்லாது. கம்பெனிக்குக் கொடுக்கக் கட்டுப்படியாகாது என்பதும் பதில் இல்லை.

அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1981இல், இதே சுப்ரீம் கோர்ட் ஏர் இந்தியா வழக்கில் வேறு மாதிரிப் பேசியிருந்தது. ஏர் ஹோஸ்டஸ்கள் ஒரு பிரிவு, விமானத்தில் இருக்கிற ஆண் பணியாளர்கள் வேறொரு பிரிவு. ஆகவே வேறு விதிகள் இருக்கலாம் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் முதல் தடவை கர்ப்பமானதும் வேலையை விட்டு அனுப்பலாம் என்ற விதியைக் கடுமையாகக் கண்டித்து ரத்து செய்தது. இரண்டு தீர்ப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விவாதத்தின் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தெரியும். 'தனிப் பிரிவு' என்று ஒரு கோடு போட்டுவிட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒப்பிட ஆளே இருக்காது. எல்லாச் சித்தாள்களுக்கும் 600 என்றால், சித்தாள்களுக்குள் பாகுபாடு பூஜ்யம். பொருளாதார நிபுணர்கள் வேலை, படிப்பு, அனுபவம் எல்லாவற்றையும் சரிக்கட்டிவிட்டுப் பார்த்தால் இடைவெளி சுருங்கிவிடுகிறது என்று சொல்லும்போது நாம் ஜாக்கிரதையாகக் கேட்க வேண்டியது இதைத்தான். சித்தாளையும் பெரியாளையும் இரண்டு தொழில் என்று லெட்ஜரில் எழுதிக்கொண்டால், நம் மனையில் இருக்கிற 300 ரூபாயும் காகிதத்தில் மறைந்துவிடும். சனிக்கிழமை அந்தப் பெண் வாங்குவது அதே 600தான்.

சரி, சித்தாள் வேலையும் பெரியாள் வேலையும் ஒத்த தன்மையுடையவையா? மேஸ்திரி உடனே சொல்வார்: "சார், மூட்டை தூக்க முடியுமா அவங்களால?" கேட்க வேண்டிய கேள்விதான், எடைபோட்டே பார்ப்போம். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. லாரி வந்த அன்று பெரியாள் முதுகில் ஏற்றி இறக்குகிறார். கஷ்டமான வேலை, எல்லோர் கண்ணிலும் படும். ஒரு பாண்டுக் கலவை 15 கிலோ என்று குறைத்தே வைப்போம். ஒரு நாளைக்கு நூறு நடை என்றால் 1,500 கிலோ. முப்பது மூட்டை. அதுவும் தரையிலிருந்து தோளுக்கு அல்ல, கைப்பிடிச் சுவர் வைக்காத படிக்கட்டில் இரண்டாம் மாடிக்கு. கழுத்தும் இடுப்பும் அந்த முப்பது மூட்டையைத் தாங்குகின்றன. ஆனால் பதினைந்து பதினைந்து கிலோவாக வருவதால் அதை யாரும் மூட்டைக் கணக்கில் எழுதுவதில்லை. சாயங்காலம் சாமான் கழுவி, சாரத்துக்கு அடியில் சிந்திய கலவையைப் பெருக்கி அள்ளுவதும் அவர்தான். திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு என்று சட்டம் சொல்லும் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், அந்த 200 ரூபாய்க்கு நியாயம் சொல்ல என்னால் முடியவில்லை. அது விவாதத்துக்குரிய விஷயமே இல்லை, நடந்துகொண்டிருக்கிற சட்டமீறல் என்பது என் கருத்து.

கண்ணில் படாத உழைப்பு என்றதும் தி.நகர் ஞாபகம் வருகிறது. ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் ரோட்டிலும் துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றார்கள். நிற்பதும் ஒரு உழைப்பு என்று நமக்குத் தோன்றவே இல்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, ஊழியர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று எழுதிய பிறகுதான் பல பேர் அதைப் பார்த்தோம்.

இனி அந்த நூறு ரூபாய். சித்தாள் ஏன் கொத்தனார் ஆவதில்லை? கொத்து வேலைக்குக் கையில் நிதானமும் கண்ணில் நேரும் வேண்டும். மூட்டை தூக்குகிற பலம் வேண்டியதில்லை. கொத்தனார் தூக்குவது ஒரு கரண்டிக் கலவையும் ஒரு செங்கல்லும். ஆகவே மேஸ்திரியின் பலக் கணக்குப்படி பார்த்தாலும், பெண்ணுக்குப் பொருத்தமான வேலை மேலே சாரத்தில் இருக்கிறது, பொருத்தமில்லாத வேலையை அவர் கீழே செய்துகொண்டிருக்கிறார். கல்யாண மண்டபத்தில் கவனித்திருப்பீர்கள். வீட்டில் சமையல் என்றால் பெண்ணின் கைமணம் என்கிறோம். மண்டபத்தில் ஆயிரம் பேருக்குச் சமைத்து நல்ல பணம் வருகிற இடத்தில், தலைமைச் சமையல்காரர் பெரும்பாலும் ஆண். காய் நறுக்குகிறவர்கள், பாத்திரம் தேய்க்கிறவர்கள் பெண்கள். இயற்கையான திறமை என்று நாம் சொல்லும் காரணம், கூலி ஏறுகிற இடத்தில் திடீரென்று திசை மாறிவிடுகிறது.

கொத்து வேலையைப் பெரும்பாலும் யாரும் பள்ளிக்கூடத்தில் கற்பதில்லை. பெரியாளாக வருகிற பையன் சாப்பாட்டு நேரத்தில் கொத்தனாரின் கரண்டியை எடுத்து நாலு கல் வைத்துப் பார்ப்பான். கோணலாக இருந்தால் கொத்தனார் திட்டிவிட்டுப் பிரித்துக் கட்டச் சொல்வார். நாலைந்து வருடத்தில் அவனே கொத்தனார். அதே சாப்பாட்டு நேரத்தில் சித்தாள் கொத்தனாருக்குத் தண்ணீர் எடுத்து வருவார், டீ வாங்கி வருவார். இருபது வருடம் சுமந்த பிறகும் அவர் சித்தாள்தான். இருபது வயதுப் பெரியாள் முதல் நாளே அவரைவிட அதிகம் வாங்குவான். யாரும் தடை உத்தரவு போடவில்லை. கரண்டியை அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை, அவ்வளவே. கொடுத்தால் என்ன ஆகும் என்று ஜார்க்கண்டில் பார்த்தார்கள். கிராமங்களில் கழிப்பறை கட்டும் திட்டத்துக்குக் கொத்தனார்கள் போதாமல் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள்; 'ராணி மிஸ்திரி' என்று பெயரெடுத்து அவர்கள் ஊர் ஊராகக் கட்டிக் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு கவலை. பெரிய மனைகளில் இப்போது ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கிறது, பம்ப் வைத்துக் குழாய் வழியாகக் கான்கிரீட்டை மேலே அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் வரிசையாக நின்று பாண்டு கைமாற்றிய பெண்கள் இருந்த இடத்தில் ஒரு குழாயும் அதைப் பிடிக்க நாலு ஆண்களும் இருக்கிறார்கள். சுமையை இயந்திரம் எடுத்துக்கொள்வது நல்லதுதான். ஆனால் சுமப்பது மட்டுமே வேலை என்று வைக்கப்பட்டவருக்கு, சுமையோடு கூலியும் சேர்ந்து போகிறது.

தரமணிப் பக்கம், டைடல் பார்க் போன்ற இடங்களில் கதை வேறு. அங்கே வேலையின் பெயரால் பிரிக்க முடியாது. ஒரே கல்லூரி, ஒரே பதவி, ஒரே தொடக்கச் சம்பளம். பத்து வருடம் கழித்துப் பார்த்தால் தூரம் விழுந்திருக்கும். 2023இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்ற கிளாடியா கோல்டின், அமெரிக்காவின் இருநூறு ஆண்டுப் புள்ளிவிவரங்களைத் தோண்டிப் பார்த்துச் சொன்னது இதைத்தான்: இன்றைய இடைவெளியின் பெரும்பகுதி ஒரே தொழிலுக்குள்ளேயே இருக்கிறது, முதல் குழந்தை பிறந்தபின் அது விரிகிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு வெளிநாட்டு அழைப்பு வந்தாலும் எடுக்கக்கூடியவருக்கு, கூடுதல் மணி நேரத்துக்கான கூலி மட்டுமல்லாமல் அதற்கு மேலும் கிடைக்கிறது. நம் நாட்டில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டு வேலை செய்கிறவர்களில் ஒரு பெண் ஒரு நாளைக்குச் சராசரியாக 299 நிமிடம் அதில் செலவிட்டார். ஆண் 97 நிமிடம். அந்த ஒன்பது மணி அழைப்பை யாரால் எடுக்க முடியும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

இரவு என்றதும் ஒரு தீர்ப்பைச் சொல்லாமல் போக முடியாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் பெண்களை இரவு ஷிஃப்டில் வைக்கக் கூடாது என்றது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் வசந்தா என்ற தொழிலாளி தொடுத்த வழக்கில் அந்தப் பிரிவு அரசமைப்புக்கு முரண் என்று ரத்து செய்தது. பாதுகாப்பு, போக்குவரத்து, ஓய்வறை ஆகியவற்றுக்கு நிபந்தனைகளும் வைத்தது. பாதுகாக்கிறோம் என்ற பெயரில் போட்ட தடை, கூடுதல் கூலி தரும் ஷிஃப்டைப் பெண்ணிடமிருந்து எடுத்துவிட்டிருந்தது.

பெயரையும் தரத்தையும் யார் வைக்கிறார்கள் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு நல்ல சாட்சி உண்டு. 1968 ஜூனில், டேகன்ஹாமில் ஃபோர்டு தொழிற்சாலையில் கார் சீட் உறை தைக்கிற பெண்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்கள் வேலையைத் திறமை குறைந்த 'பி' தரம் என்று நிர்வாகம் வகுத்திருந்தது. அதிலும் ஆணுக்குக் கிடைப்பதில் 85 சதவீதம்தான். வேலைநிறுத்தம் மூன்று வாரம் நீடித்தது, கார் உற்பத்தி நின்றது. அமைச்சர் பார்பரா காசில் தலையிட்டார். 92 சதவீதம் கிடைத்தது. 1970இல் பிரிட்டன் சம ஊதியச் சட்டம் போட்டது. உலகம் இதை வெற்றி என்று எழுதியது, வெற்றிதான். ஆனால் அந்தப் பெண்கள் முதலில் கேட்டது தங்கள் வேலையைத் திறமையுள்ள 'சி' தரம் என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்பதை. அது கிடைக்க இன்னொரு வேலைநிறுத்தமும், 1984 வரை காத்திருப்பும் தேவைப்பட்டன. நம் இருநூறு ரூபாய் அவர்களுக்குச் சீக்கிரம் வந்தது. நூறு ரூபாய் வர பதினாறு வருடம்.

"கூலியைச் சமமாக்கினால் பெண்களை யாரும் வேலைக்கே கூப்பிட மாட்டார்கள்" என்று நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்கள் உண்டு. பிரிட்டனில் சட்டம் வந்தபின் பெண்களின் கூலி ஆண்களோடு ஒப்பிட ஏறியது. பெண்களின் வேலைவாய்ப்பு விழவில்லை. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலியாக இருந்தது. தமிழ்நாட்டில் அதன் வேலை நாட்களில் ஐந்தில் நான்குக்கும் மேல் பெண்கள் செய்தவை. ஆண்களுக்கு வெளியே அதைவிட அதிகம் கிடைத்தது, பெண்களுக்குக் கிடைக்கவில்லை என்பதும் அதற்கு ஒரு காரணம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் காலையில் ஆள் எடுக்கிற முனையில் மேஸ்திரி "ஆம்பளை ஆள் மட்டும் ஏறுங்க" என்று சொல்லிவிட்டால் யார் தடுப்பது? வேலைக்கு எடுப்பதிலும் பாகுபாடு கூடாது என்று சட்டம் சொல்கிறது. தொழிலாளர் ஆணையர் அலுவலகம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், பஸ் வசதியுள்ள இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு ஒரு மேஸ்திரியிடம் வேலை செய்கிற பெண் யார் மேல் புகார் கொடுப்பார்? எந்தக் காகிதத்தைக் காட்டுவார்? புதிய சட்டத் தொகுப்பு ஊழியருக்கு ஊதியச் சீட்டு தர வேண்டும் என்கிறது. கட்டுமான மனைகளில் அது வந்தால், முதல் தடவையாகச் சித்தாளின் கூலி எழுத்தில் இருக்கும்.

அதுவரை வீடு கட்டுகிற நாம் செய்யக்கூடியது சிறிய கணக்கு. எட்டு ஃபிளாட் உள்ள கட்டடம், இரண்டு சித்தாள், முந்நூறு வேலை நாள், ஆளுக்கு 200 ரூபாய் கூடுதல். மொத்தம் 1,20,000 ரூபாய். ஒரு ஃபிளாட்டுக்கு 15,000. மயிலாப்பூரில் ஃபிளாட் வாங்குகிறவர் குளியலறைக் குழாய்களுக்குக் கொடுக்கிற பணம். ஒப்பந்தம் எழுதும்போதே சித்தாளுக்கும் பெரியாளுக்கும் ஒரே கூலி என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லலாம். மேஸ்திரி ஆச்சரியப்படுவார், பிறகு கணக்கில் சேர்த்துக்கொள்வார். நூறு ரூபாய்க்குப் பணம் வேண்டாம், மேஸ்திரியின் பொறுமை வேண்டும். பூச்சுக்குள் மறையப்போகிற உள்சுவரில் கீழ் இரண்டு வரிசையைச் சித்தாள் கட்டட்டும் என்று கேட்கலாம். கோணலானால் பிரித்துக் கட்டலாம். சாரத்தின் மேல் இருக்கிற கொத்தனாரும் அப்படிப்பட்ட ஒரு சுவரில்தான் முதல் கல் வைத்தார்.